கடற்காற்று எத்தனை மணிக்கு?

கேள்வி: இந்த மே மாதம் சென்னை எப்படி இருக்கும்? 'இயல்பைவிடக் கூடுதல்' என்ற பழைய பல்லவிதானா?
*திருவொற்றியூர் வாசகர்*

பதில்: அதைக் கடற்காற்றைத்தான் கேட்க வேண்டும். மதியத்துக்குள் அது ஊருக்குள் வந்துவிட்டால் வெயில் ஓரளவு அடங்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று கரையிலேயே அதை மறித்துவிட்டால் மெரினாவிலும் அனல்தான். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி! அதற்கு அப்புறம் எந்தப் பல்லவியும் பழசில்லை.

கேள்வி: 36 டிகிரிதான் என்கிறார்கள். சட்டையை ஏன் பிழிய வேண்டியிருக்கிறது?
*ராயபுரம் வாசகி*

பதில்: வியர்ப்பதால் அல்ல, வியர்த்தது காயாததால்! காற்றிலேயே ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வை எங்கே போகும்? முதுகிலேயே குடியிருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்.

உங்கள் 36 வெப்ப அலைக் கணக்கில்கூடச் சேராது. வெப்ப அலை என்று சொல்ல சமவெளிக்கு 40 டிகிரியை அளவாக வைத்திருக்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. கடலோரத்துக்கு 37 போதும், அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால். மலைக்கு 30தான்.

சரி, ஊட்டிக்கே ஓடிவிடலாம் என்றால், 2024 மே முதல் அங்கே இ-பாஸ் கேட்கிறார்கள். வெயிலிடம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.