புது இடுப்பு, மதுரை நடை

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அவர்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. மூன்றாவது தரப்புதான் மெஜாரிட்டி.

ஓய்வுபெற்ற தாசில்தார், கே.கே. நகர்: ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். இதில் மனிதாபிமானம் இருக்கிறதா?

பதில்: படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தொடைச் சதை கரையும். அதற்கு நாலடி நடப்பது எவ்வளவோ மனிதாபிமானம். சில இடங்களில் ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். 'போய்ட்டு நாளைக்கு வாங்க' என்று முப்பது வருஷம் சொல்லிப் பழகிய வாய்க்குக் கசக்கத்தான் செய்யும்.

செல்லூர் வாசகர்: வலது இடுப்பில் ஆபரேஷன். கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இடது கையில். 'வலிக்கிற பக்கம்தானய்யா முட்டுக் கொடுக்கணும்' என்று அடித்துச் சொல்லும் உங்கள் மைத்துனரை என்னிடம் அனுப்பி வையுங்கள்.

அந்த மைத்துனர், அதே செல்லூர்: ஏன், வலது கையில் பிடித்தால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: வாங்க மாப்ளே. வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கினால் உடம்பு இடது பக்கம் சாயப் பார்க்கும். சாயவிடாமல் வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. உடம்பின் எடை, தசையின் இழுப்பு இரண்டும் சேர்ந்து மூட்டின் தலையில் இறங்கும் பாரம், மொத்த எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இடது கையில் தடி ஊன்றினால் சாய்கிற பக்கத்துக்கு முட்டு. தசைக்குப் பாதி வேலை மிச்சம். வலது கையில் பிடித்தால் தடி வெறும் கௌரவ ஆலோசகர். உங்களைப் போல.

சிம்மக்கல் வாசகர்: மீனாட்சியம்மன் கோவில் நடராஜர் கால் மாறி ஆடியதற்கும் மூட்டு வலிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: ஊரின் முதல் ஆர்த்தோ கேஸே அதுதான். மற்ற ஊர்களில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுகிறவர், நம் வெள்ளியம்பலத்தில் மட்டும் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருக்கிறார். ராஜசேகர பாண்டியனுக்கு அறுபத்து மூன்று கலை அத்துப்படி. பாக்கி இருந்த பரதத்தையும் கற்றுக்கொள்ளப் போய் உடம்பெல்லாம் வலி. 'நமக்கே இப்படி என்றால், காலமெல்லாம் ஒரே காலில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்?' என்று உருகி, காலை மாற்றாவிட்டால் வாளில் விழுவேன் என்று நின்றுவிட்டான். இறைவன் இறங்கி வந்தார் என்கிறது திருவிளையாடல்.

நன்றாகக் கவனியுங்கள். கேட்டது நோயாளி இல்லை, பார்க்க வந்தவர். பார்க்க வந்தவர் உருப்படியாக ஒரு யோசனை சொன்னதாக மதுரையில் பதிவாகியிருக்கும் ஒரே சம்பவம் இது.

ஒரு மகள், அண்ணா நகர்: அதையேதான் கேட்க வந்தேன். அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு வைத்தியம். எப்படிச் சமாளிப்பது?

பதில்: பாட்டிலை வாங்கி வையுங்கள். ஆளை அப்பாவோடு வராந்தாவில் நாலு தடவை போய்வரச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் துணை ஆச்சு. மறுநாள் கூட்டம் குறைந்தால் நான் பொறுப்பில்லை.

நெல்பேட்டை வாசகர்: தினமும் நல்லி எலும்பு சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடுமா?

பதில்: நாக்குக்குக் கூடும். எலும்பை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் லேசில் இறங்காது. பால், கேழ்வரகு, எள், முட்டை இவற்றை நம்புங்கள்.

ஆனால் கறிக்கடைக்குப் போங்கள், ஒரு விஷயம் பார்க்க. தொடையைப் பிரிக்கும்போது கடைக்காரரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பின் நுனியில் வெள்ளையாக, ஈரமாக, விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் ஒரு உருண்டை. கிண்ணத்திலிருந்து 'ப்ளக்' என்று கழன்று வரும். விரலை வைத்தால் வழுக்கும். அந்த வழவழப்புதான் குருத்தெலும்பு. அது தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியதால்தான் உங்களை மேஜையில் ஏற்றினார்கள். பள்ளியில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று எழுதி ஒரு மார்க் வாங்கினீர்களே, அது இதுதான். பார்த்து முடித்ததும் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தசை வளரப் புரதம் வேண்டும், தவிர கடைக்காரரும் பிழைக்க வேண்டும்.

விவசாயி, உசிலம்பட்டி: தொடை எலும்பு இடுப்பருகே முறிந்துவிட்டது. நாட்டுக்கட்டுப் போட்டால் சேராதா?

பதில்: கையில், முழங்காலுக்குக் கீழே என்றால் அது வேறு வழக்கு. அந்த உருண்டைக்கு ரத்தம் போவது அதன் கழுத்தை ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்களில். கழுத்து முறிந்தால் குழாயும் அறும், உருண்டை பட்டுப்போகும். வெளியே மூங்கில் வைத்துக் கட்டினாலும் உள்ளே தண்ணீர் பாயாது. பாசனம் தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைப் பிடியுங்கள்.

கல்லூரி மாணவி, நாகமலை புதுக்கோட்டை: இந்தச் செயற்கை மூட்டை முதலில் யார் செய்தது?

பதில்: 1891லேயே பெர்லினில் க்ளூக் என்ற மருத்துவர் தந்தத்தில் உருண்டை செய்து பார்த்தார். நிலைக்கவில்லை. நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சீக்கிரமே தேய்ந்து, துகள் கொட்டி, திசுவைக் கெடுத்தது. டெஃப்லானைத் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்துப் பார்த்துக்கொண்டார் மனிதர். பிறகு 1962ல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம், ஒட்ட வைக்க அக்ரிலிக் சிமென்ட். அக்ரிலிக், பல் டாக்டர்கள் பொய்ப்பல் செய்யும் சரக்கு. ஆக, தாத்தாவின் பல்லும் பாட்டியின் இடுப்பும் தாயாதிகள்.

பர்மா போய் வந்த குடும்பம், காரைக்குடி: தந்தத்தில் இடுப்பு வைத்த டாக்டர் பர்மாவில் இருந்தார் என்று தாத்தா சொல்வார். கப்ஸாவா?

பதில்: தாத்தாவின் படத்துக்கு ஒரு மாலை போடுங்கள், நிஜம். மாண்டலேயில் டாக்டர் சான் பா. 1960ல் எண்பத்து மூன்று வயது பௌத்தப் பெண் துறவி ஒருவருக்குத் தந்த உருண்டை பொருத்தினார்; பின்னர் 300 பேருக்கு மேல். உலோகத்தைவிட அங்கே தந்தம் சல்லிசு. குந்தி உட்கார்ந்தார்கள், சைக்கிள் விட்டார்கள். உடனே கோவில் யானையைக் கணக்குப் போட வேண்டாம். பெண் யானைக்குத் தந்தம் நீளாது. ஆண் யானை என்றால் வனத்துறை உங்களை வேறு இடத்தில் நடக்கவிடும்.

தபால் துறை ஓய்வூதியர், தல்லாகுளம்: புது மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும்?

பதில்: 2019ல் லான்செட் இதழில் வந்த கணக்கு: நூறில் 58 மூட்டுகள் 25 வருஷம் தாங்கியிருக்கின்றன. மிக்சிக்கு இரண்டு வருஷம்தான் வாரண்டி தருகிறார்கள்.

ஆபரேஷன் ஃபைலில் பந்து, கிண்ணம், தண்டு என்று பார்கோடு போட்ட சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள். 2010ல் டிபுய் நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது; உலோகத்தோடு உலோகம் உரசித் துகள் ரத்தத்தில் கலந்தது. இந்தியாவில் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று மத்திய அரசு வகுத்தபோது, உள்ளே இருப்பது எந்த மூட்டு என்று காட்டக் காகிதம் வேண்டியிருந்தது. ஜாதகம் தொலைந்தால் பரவாயில்லை, இது தொலையக் கூடாது.

பாட்டி, மேலூர்: வயசு 79. இனிமேல் எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?

பதில்: ஆத்தா, இங்கிலாந்து ராணியின் அம்மா 95 வயதில் ஒரு இடுப்பை மாற்றினார். 97ல் விழுந்து இன்னொன்றையும் மாற்றினார். 101 வரை இருந்தார். அந்தக் கணக்கில் நீங்க இன்னும் கைப்பிள்ளை.

ஆட்டோ ஓட்டுநர், ஆரப்பாளையம்: செலவுக்கு எங்கே போவது?

பதில்: கோரிப்பாளையம் பக்கம் திருப்புங்கள். பெரியாஸ்பத்திரி, பெருசுகள் இன்னும் எர்ஸ்கின் என்பார்கள், போர்டில் அரசு ராஜாஜி மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. சான்று வாங்க அலைவதையே நடைப்பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள், மகனை அனுப்புங்கள். 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

திருமங்கலம் வாசகர்: தோப்பூர் எய்ம்ஸ் திறக்கும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: 2019 ஜனவரி 27ல் அடிக்கல். 2022ல் மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியது, ராமநாதபுரத்தில். உங்களுக்கு எத்தனை இடுப்பு?

மருமகள், திருநகர்: அத்தை ஆபரேஷன் முடிந்து கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். சீரியல், சீரியல், சீரியல்.

பதில்: ரிமோட்டைப் பத்தடி தள்ளி வையுங்கள். அடுத்த வாரம் பதினைந்தடி. அத்தை இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்றால் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

நடுவயதுக்காரர், வில்லாபுரம்: வாக்கர் பிடித்து நடந்தால் குனிந்து குனிந்து கூன் விழுந்துவிடும் போலிருக்கிறதே?

பதில்: மதுரைக்குப் பழைய வியாதி. கூன் பாண்டியனுக்குத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடினார், நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனார் என்கிறது பெரியபுராணம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு பொத்தான் போதும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அந்த உயரத்துக்கு வாக்கர் பிடியை ஏற்றுங்கள். அடியில் நாலு ரப்பர் புஷ் இருக்கும். திருப்பிப் பாருங்கள், மொட்டையாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள், சொற்ப விலைதான். எனக்கும் ஒரு பக்கம் அசல் இல்லை. என்னைக் கவிழ்க்கப் பார்த்தவை மூன்று: மாப் போட்டுக் காயாத டைல்ஸ், குளியலறை வாசல் மிதியடி, 'நான் பிடிச்சுக்கிறேன் அண்ணே' என்று திடீரென்று இழுக்கும் அன்பு.

தமிழாசிரியர், சோழவந்தான்: தடி ஊன்றி வீதியில் போனால் பழைய மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? கௌரவம் தடுக்கிறது.

பதில்: 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி. காந்தி சட்டையையே விட்டார். கௌரவம் ஒரு நூல் குறையவில்லை. பின்னாளில் தடியும் ஊன்றினார், படமாகவே மாட்டிவிட்டார்கள். தவிர, உங்கள் மாணவர்கள் உங்களைக் கம்பு இல்லாமல் பார்த்திருக்கிறார்களா என்ன?

கல்யாண வீட்டுக்காரர், அலங்காநல்லூர்: சித்தப்பாவைப் பந்தியில் தரையில் உட்கார வைக்கலாமா?

பதில்: கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. முதல் மூன்று மாதமாவது இந்தச் சட்டம். அவருக்கு எவ்வளவு காலம் என்பதை அறுத்த டாக்டரே சொல்வார். சம்மணம், குத்தவைக்கும் கழிப்பறை இரண்டும் தடா. தரையைவிட மோசமானது மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் புதைகுழி சோபா. முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறும், எழுப்ப நாலு பேர் வேண்டும். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, டேபிளில் இலை. சித்தப்பா கோபித்துக்கொண்டு இரண்டாவது பாயசம் கேட்பார், கொடுங்கள்.

இல்லத்தரசி, பழங்காநத்தம்: டவுன் பஸ்ஸில் எப்படி ஏறுவது?

பதில்: ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில். இதை நீங்கள் மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் பஸ் பெரியார் நிலையம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே இப்போதைக்கு ஆட்டோ. படியை வீட்டில் பழகுங்கள், சுவர்ப் பக்கம் கைப்பிடி இருந்தால்.

வியாபாரி, விளக்குத்தூண்: கோவில் வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்துமா?

பதில்: கத்தலாம். முன்கூட்டியே காவலரிடம் இடுப்பைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுப் போகலாம், இதை முடியாது.

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்: தாம்பத்தியம் எப்போது?

பதில்: பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு, கால் உள்பக்கம் திரும்பாமல், இடுப்பு அதிகம் மடங்காமல். டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டு ஊரே படிக்கிற பத்திரிகையில் கேட்டிருக்கிறீர்கள். தைரியசாலி.

காலை நடையாளர், காமராஜர் சாலை: வைகை மணலில் நடக்கலாமா, தெப்பக்குளமா?

பதில்: தெப்பக்குளம். சமதளம், ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி, சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். முதலில் ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்புங்கள். காலையில் போங்கள், சாயங்காலம் போனால் பஜ்ஜிக் கடைதான் எல்லை. மணலில் கால் புதையும், கோணும். வைகையில் அழகரே தண்ணீர் விட்டால்தான் இறங்குகிறார்.

மாடுபிடி வீரர், பாலமேடு: வயசு 34. குடியினால் பந்து பட்டுப்போய் மாற்றியாச்சு. ஆண்டி முர்ரே இடுப்பில் உலோகத்தோடு டென்னிஸ் ஆடினாரே, நான் வாடிவாசலுக்குப் போகக் கூடாதா?

பதில்: ஆடினார். 2019 ஜனவரியில் ஆபரேஷன், அக்டோபரில் ஆன்ட்வெர்ப் கோப்பை. அந்தப் பந்துக்குக் கொம்பு கிடையாது தம்பி. நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். தையில் கேலரியில் உட்காருங்கள், உயரமான நாற்காலி போட்டு. குடியை மட்டும் விட்டுவிடுங்கள்; மறுபக்கத்துப் பந்து இன்னும் உங்கள் சொந்தப் பந்துதான்.