கமா போட்ட ஊர்

‘பொட்டிக் ஹோட்டல்’ என்றதுமே என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த பொட்டிக்கில் பிளவுஸ் தைப்பார்கள். கியூபாவில், கமாகுவேய் என்ற பழைய ஊரில், பத்து அறைகூட இல்லாத ஒரு பழங்கால மாளிகை அது என்று விளக்கினேன். “அப்ப லாட்ஜுன்னு சொல்லுங்க” என்றாள்.

பெயரிலேயே கமா இருக்கிற ஊர். தெருக்களும் அப்படித்தான்: வளையும், கொக்கி போடும், முற்றுப்புள்ளி மட்டும் வராது. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் எழுப்பிய ஊர்கள் பெரும்பாலும் கட்டம்போட்ட நோட்டு மாதிரி இருக்கும். 1514இல் கடலோரத்தில் தொடங்கி 1528இல் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்த இந்த ஊர் மட்டும் பூனை விளையாடிய நூல்கண்டு. கடற்கொள்ளைக்காரர்கள் வழி தெரியாமல் திண்டாட வேண்டும் என்றே இப்படிக் கட்டினார்களாம். ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். 1668இல் ஹென்றி மார்கன் வந்தான். சுமார் 50,000 பெசோவும், 500 மாடுகளும், அவற்றை உப்புக்கண்டம் போட உப்பும் கறந்துகொண்டு போனான். கொள்ளைக்காரனுக்குக் கிடைத்த வழி, முன்பணம் கட்டிவிட்டுப் போன எனக்குக் கிடைக்கவில்லை. இதே சந்துபொந்துகளை மெச்சி 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்திருக்கிறது. கொடுத்தவர்கள் சக்கரம் கழன்ற சூட்கேஸோடு நடந்திருக்க மாட்டார்கள்.

கார்மென் சதுக்கத்தில் மார்த்தா ஹிமேனெஸ் என்ற சிற்பி வடித்த ஆளுயர வெண்கலச் சிலைகள் உண்டு. அதில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவரை மூன்றாவது முறை கடந்தபோதும் அதே பக்கத்தில்தான் இருந்தார். பக்கத்திலேயே மூன்று வெண்கலப் பெண்கள் ஊர்வம்பு பேச, நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. என் மனைவி அதில் உட்கார்ந்துவிட்டாள். “இவங்க யாரைப் பத்திப் பேசறாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று என்னைப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரைப் பிடித்தோம். ‘பிசிடாக்ஸி’ என்பார்கள். பத்து நிமிடம் ஊரைச் சுற்றிக்காட்டி ஹோட்டல் வாசலில் இறக்கினார். இறங்கித் திரும்பிப் பார்த்தால், தெருக்கோடியில் பேப்பர்காரர்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து “மி அமோர்” என்றாள். ‘என் அன்பே’ என்று அர்த்தம். கியூபாவில் காய்கறிக்காரி முதல் கண்டக்டர் வரை யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மனைவியிடம் உடனே சொன்னேன். “உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதுன்னு சொன்னீங்களே?”

நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், மேலே நாட்டு ஓடு. “காரைக்குடிக்கே போயிருக்கலாம்” என்றவள், மூலையைப் பார்த்ததும் நின்றாள். ஓர் ஆள் தாராளமாக உள்ளே உட்காரக்கூடிய தொப்பைப் பானை ஒன்று, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. “முதுமக்கள் தாழியா? இங்க தங்கறவங்களுக்கா?”

அதன் பெயர் தினஹோன். இங்கே தண்ணீர்ப் பஞ்சம் அதிகம் என்பதால், கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு இப்படிப் பானைகள் வைத்திருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகளைப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர் ஊரை விட்டுப் போகமாட்டார், போனாலும் திரும்பி வந்துவிடுவார் என்பது ஐதீகம். வரவேற்புப் பெண் இதைச் சொன்னதும் மனைவி இரண்டு பாட்டில் தண்ணீர் விலைக்கு வாங்கினாள்.

அறையின் உத்தரம் அவ்வளவு உயரம். விளக்கு எங்கோ வானத்தில் எரிந்தது. எட்டு மணிக்கு அதுவும் போயிற்று. ‘அபகோன்’ என்று தாழ்வாரத்தில் யாரோ அலுப்பாகச் சொன்னார்கள். நான் அறிந்த ஸ்பானிஷ் சொற்களிலேயே அகராதி வேண்டியிராதது அதுதான். மோட்டார் ஓடாததால் குழாயும் நின்றது. மெழுகுவர்த்தியோடும் ஒரு பக்கெட் தண்ணீரோடும் ஆள் வந்தார். சாதாரண ஹோட்டலில் இது குறை. பொட்டிக் ஹோட்டலில் இதற்குப் பெயர் சூழல்.

இருட்டில் கொசு வந்தது. மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று 1881இல் சொன்ன கார்லோஸ் ஃபின்லே பிறந்தது இதே ஊரில்தான், 1833இல். அப்போது அவரைக் கேலி செய்தார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். இந்த அறையில் ஒரு ராத்திரி தங்க வைத்திருந்தால் விடிவதற்குள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அவர் பிடித்த கொசு பகலில் கடிக்கிற ஜாதி. என்னுடையது நைட் ஷிப்ட்.

மறுநாள் காலை கணக்கை முடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பினோம். “நேராப் போய் இடது பக்கம், மி அமோர்” என்றாள் அந்தப் பெண். நேராகப் போனோம். இடது பக்கம் திரும்பினோம். ஒரு மாதா கோயில், இன்னொரு மாதா கோயில், ஒரு சந்து. முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வை சொட்ட, பழக்கமான ஒரு கதவின் முன் நின்றோம். அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

மனைவி முற்றத்துப் பானையைப் பார்த்தாள். பிறகு என்னை.

“நேத்து ராத்திரி நீங்க பல்லு தேய்ச்சீங்களே, அந்தப் பக்கெட் தண்ணிய எங்கேருந்து மொண்டாங்க?”