ஒயில் சீலும் புட்டுக்குழலும்

போன ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் புறநகரான ஸ்தேனில் ஒரு மனிதர் புட்டுக்குழலின் வாயில் அடிமட்டத்தை வைத்து விட்டம் அளந்துகொண்டிருந்தார். இந்தக் கட்டுரையை எழுதுபவரும் அவரேதான். நகக்கண்ணில் ஒயில் கறுப்பு இன்னும் போகவில்லை. கோபமும் போகவில்லை.

கோபமெல்லாம், காரின் ஒயில் சீலை மாற்ற "விசேட கருவி ஒன்றும் தேவையில்லை" என்ற வாக்கியத்தின் மேல். கைபேசித் திரையில் அதைச் சொன்னவர், காரை ஆளுயரத்துக்குத் தூக்கிவைத்த லிஃப்டின் கீழ் நின்றுதான் சொன்னார்.

கராச்சில் கேட்ட கூலி, சீலின் விலையைப் போல முப்பது மடங்கு. பெல்ட், கப்பி எல்லாவற்றையும் கழற்றினால்தான் அந்த ரப்பர் வளையத்தின் முகமே தெரியும். கூலி அந்த வழிச்செலவுக்கு. இது கட்டுரை எழுதுபவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கொள்ளை என்றார். ஒயில் ஒழுக்கு அதிகமென்று கொந்த்ரோல் தெக்னிக் என்ற வாகனப் பரிசோதனையில் தாள் கொடுத்துவிட்டார்கள். மறுபரிசோதனைக்கு இரண்டு மாதம்தான்.

பரம்பரைப் பெருமை வேறு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர். அங்கே பிறந்தவருக்கு ஒரு சீல் எம்மாத்திரம்? அந்த நாளில் அவருடைய பங்கு போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் என்பதை இங்கே யாரும் கேட்கவில்லை.

உதிரிப்பாகக் கடையில் 'ஒயில் சீல்' என்றால் விழித்தார்கள். பிரெஞ்சில் அது 'ஜுவான் ஸ்பி'. ஜெர்மன்காரர் 'சிம்மரிங்' என்பார்கள். ஃப்ராய்டன்பர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனத்தில் அதை உருவாக்கிய வால்ட்டர் சிம்மரின் பெயர். முதலில் தோலில்தான் செய்தார்கள். ரப்பர் பிறகு வந்தது.

சீலைச் சரியாகப் பூட்டுவதில் முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. குழல் வருவது அதற்காகத்தான்.

சீலின் மேல் 35-50-8 என்று இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். இதை இறக்க வெளிவிளிம்பில் மட்டும் சமமாக அழுத்தவேண்டும். பிரான்சின் கழிவுநீர்ப் பிவிசி குழாய் 32, 40, 50 என்று வருகிறது. 40 உள்ளே சரிந்து ரப்பரை நசிக்கும். 50 துளையின் வாயிலேயே இறுகிவிடும். வேண்டியது 49. கருவேப்பிலை வாங்கப் போன லாசப்பலில், கை தானாகவே மூடிகளை அளக்கத் தொடங்கியது. மிளகாய்த்தூள் டின் பெரிது. கற்பூர டப்பா சிறிது. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மூடி கிட்டத்தட்டச் சரி, ஆனால் பிளாஸ்டிக். ரூ காயில் ஒரு பாத்திரக்கடையில் புட்டுக்குழல்களை வரிசையாக நிறுத்தி அளந்தார். "அண்ணை, எத்தினை பேருக்கு அவிக்கப் போறியள்?" என்றார் கடைக்காரர். "வெளிவிட்டம் நாற்பத்தொன்பது இருக்கே?" கடைக்காரர் தராசுப் பக்கம் போய்விட்டார். கடைசியில் சரியான அளவு வீட்டுக் குசினியிலேயே இருந்தது.

"இஞ்சருங்கோ, புட்டுக்குழலைக் கண்டனீங்களே?"

பதில் வரவில்லை. அலுமினியம் மூன்றாவது அடியிலேயே வாய் கோணிவிட்டிருந்தது.

இதெல்லாம் தரிப்பிடத்தில் நடந்தது. வெளியிடத்தில் கார் திருத்துவதை இங்கே 'மெக்கானிக் சோவாஜ்' என்கிறார்கள், அதாவது காட்டு மெக்கானிக். காட்டில் ஆலோசனைக்குக் குறைவில்லை. நான்கு பேர் வந்தார்கள், ஐந்து வழி சொன்னார்கள், ஒருவரும் டோர்ச் பிடிக்கவில்லை. பழைய சீலில் துளை போட்டு, திருகாணி இறக்கி, குறட்டால் இழுக்கச் சொன்னவர் அவர்களில் ஒருவர். நல்ல வழிதான். ஆனால் திருகாணி தண்டில் உரசக் கூடாது. மயிரிழைக் கீறலே ஒயிலுக்குப் போதும். அதை அவர் திருகாணி உரசிய பிறகுதான் சொன்னார்.

வடித்த பழைய ஒயிலைத் தேஷெத்தரி என்ற கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒழுங்காகக் கொடுத்தாயிற்று. அன்று பிழையில்லாமல் நடந்த ஒரே காரியம் அது.

திங்கள் காலை, காருக்குக் கீழே விரித்த மட்டையில் ஆறு சொட்டு. வியாழக்கிழமை பத்து மணிக்குக் கராச்சுக்காரர் வரச் சொல்லியிருக்கிறார். புதுப் புட்டுக்குழல் அதற்கு முதலே வந்தாகவேண்டும்.