கூலியில்லா வியர்வை குறித்து ஒரு விண்ணப்பம்

கேரள மாநிலத் தொழிலாளர் ஆணையர் அவர்கள் சமுகத்திற்கு, நெய்யாற்றின்கரைத் தாலூகாவின் தென்கோடியில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே குடியிருக்கும் தமிழன் ஒருவன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் முறையிட்டுக்கொள்ள அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு இடம் தருவதால் தமிழிலேயே முறையிடுகிறேன். தமிழில் வியர்ப்பதற்கு மட்டும் இதுவரை எந்தப் பிரிவும் தேவைப்படவில்லை.

2025-இல் பிப்ரவரி 11 முதல் மே 10 வரை, வெட்டவெளியில் பாடுபடுவோருக்குப் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை ஓய்வளித்து, எட்டு மணி நேர வேலையைக் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் இடையே அமைத்துக்கொள்ளப் பணித்த தங்கள் உத்தரவைப் போல ஜீவகாருண்யம் ததும்பும் சர்க்கார் காகிதத்தை நான் அதிகம் கண்டதில்லை. ஆயினும் அதில் ஒரு சந்து இருக்கிறது. உச்சிவேளையில் கூலிக்கு மண் சுமப்பவனைச் சட்டம் காக்கிறது; அதே வேளையில், அதே சாலையில், தொந்தியைக் கரைத்தே தீருவதென்ற சங்கற்பத்தோடு காற்றுப் புகாத நைலான் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு கனவான் ஓடினால், அது தேகாப்பியாசம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. கூலி கொடுத்தால் குற்றம், கொடுக்காவிட்டால் ஆரோக்கியம் என்னும் இந்த சூட்சுமம் சட்டத்துக்கு விளங்கலாம், ரத்தத்துக்கு விளங்குவதில்லை. கனவான் இழந்தது கொழுப்பன்று, தண்ணீர்; வீடு திரும்பி இரண்டு செம்பு குடித்ததும் இழந்த எடை அத்தனையும் விசுவாசத்தோடு திரும்பி வந்துவிடும்.

போலீசுக்கும் ராணுவத்துக்கும் உடற்தகுதித் தேர்வை எதிர்நோக்கி ஓடும் எங்கள் வாலிபர்களைப் பற்றித்தான் எனக்கு மெய்யான கவலை. உஷ்ணத்துக்குத் தேகம் பழக ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும் என்பதையும், அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்வார் இல்லை. தலை சுற்றி, பேச்சுக் குழறி, திசை தெரியாமல் ஒருவன் தள்ளாடினால் அதைச் சோம்பல் என்று அதட்டாமல், நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும் என்பதையும் சொல்வார் இல்லை.

வானிலை இலாகாவைக் கேட்டாலோ, கடற்கரைப் பிரதேசத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி மிஞ்சினால்தான் வெப்ப அலை என்கிறது. எங்கள் காற்றிலோ ஈரம் மிகுதி. வழிந்தோடும் வியர்வை குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும் என்பதால், 34 டிகிரியிலேயே எங்கள் பாடு திண்டாட்டமாகிறது. மேலும், அந்த டிகிரியை அளக்கும் வெப்பமானி, வெள்ளையடித்த மரப் பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு நிழலில் வாசம் செய்கிறது. அளக்கும் கருவிக்குக் கிடைத்த சலுகை ஓடுகிறவனுக்குக் கிடைக்கவில்லை.

இவ்விஷயத்தில் நிபுணர் குழு நியமிக்கத் தாங்கள் கருதினால், எங்கள் பனையேறிகளைச் சிபாரிசு செய்கிறேன். மரத்தில் சாய்த்து ஏறும் முருக்குத்தடியும் பாளை சீவும் அருவாளுமாக விடியலில் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கி, அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சும் வேலையைப் பெண்களிடம் விட்டு, வெயில் தாழ்ந்தபின் மறுபடி ஏறுகிறவர்கள் அவர்கள். உப்பிட்ட கஞ்சித் தண்ணீரின் மகிமையை எந்தச் சுற்றறிக்கையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. (அந்தப் பெண்கள் உச்சிவேளையிலும் அடுப்படியிலேயே நிற்பதைத் தங்கள் உத்தரவு கண்டுகொள்வதில்லை என்பது வேறு வழக்கு.)

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலூகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்தபோது எல்லைக்கல் நட்டவர்கள் வெயிலைப் பங்கிட மறந்துவிட்டார்கள். தங்கள் அதிகாரம் களியக்காவிளை எல்லையோடு முடிகிறது. சூரியனோ, சித்திரை பிறக்க இரண்டொரு நாள் இருக்கையில் பகல் பன்னிரண்டே கால் தாண்டியதும் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, மைதானத்துக் கோல் கம்பத்துக்குக்கூட நிழல் விடாமல் செய்கிறது.

ஆகையால் அடுத்த உத்தரவில், விளையாட்டுப் பயிற்சி, அணிவகுப்பு, ஓட்டப் பந்தயம் ஆகியவற்றில் ஈடுபடுவோரும் உச்சிவேளை மூன்று மணி நேரத்துக்குத் தொழிலாளிகளாகவே பாவிக்கப்படுவர் என்று ஒரு வரி சேர்க்கும்படியும், கூலி கேட்கமாட்டோம் என்ற எங்கள் உறுதிமொழியை ஏற்கும்படியும், அதன் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பாறசாலைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டும்படியும் வேண்டுகிறேன்; பலகையை மட்டும் நிழல் பார்த்து வைத்தால், நின்று படிப்போம்.

இங்ஙனம்,
எல்லைவாசி ஒருவன்