திட்டு எட்டயபுரத்துக்கு, கோட்டை புதுக்கோட்டைக்கு

லண்டன் டாக்டர் ஜெக்கிலுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மருந்தைக் குடித்தால் உள்ளே இருக்கிற அயோக்கியன் ஹைடு என்ற பெயரில் வெளியே வருவான். அடிதடி, கொலை எல்லாம் ஹைடு கணக்கில். டாக்டர் மறுபடி கனவானாகி விருந்துக்குப் போவார். ஸ்டீவன்சன் இந்தக் கதையை வெளியிட்டது 1886இல். எங்கள் புதுக்கோட்டை அதற்கு 87 வருஷம் முன்பே, மருந்து மாயம் எதுவுமில்லாமல், காரியத்தை முடித்திருந்தது.

1799 செப்டம்பர். கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்க, கட்டபொம்மன் வடக்கே தப்பினார். வந்து சேர்ந்தது எங்கள் சமஸ்தானத்துத் திருக்களம்பூர்க் காடு. இருட்டு, துரத்தப்படும் வீரன், பக்கத்திலேயே ஒரு ராஜா. வௌவால் மட்டும்தான் பாக்கி (அதுவும் இருந்திருக்கும்). கும்பினி கேட்டது, விஜயரகுநாத தொண்டைமானின் ஆட்கள் பிடித்தார்கள், ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு.

அப்படியானால் ராஜா கெட்டவரா? அவசரப்படாதீர்கள். அரசையே பிரகதாம்பாள் அம்மனுக்கு எழுதிவைத்துவிட்டு, 'பிரகதாம்பாள் தாஸ்' என்று பட்டம் போட்டுக்கொண்ட வம்சம் அது. நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசும் தானம் செய்வார்கள். காசின் ஒரு பக்கம் அம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. யாருக்கு விஜயம் என்று போடவில்லை. அதுதான் ராஜதந்திரம்.

கூட்டாளி தேடுகிற ஆளை ஒப்படைப்பது ராஜதர்மம் என்று ஊர்ப் பெரியவர்கள் வாதாடுவார்கள். தஞ்சம் என்று வந்தவனைக் காப்பதும் ராஜதர்மம்தானே என்றால், "காபி ஆறுது, குடிங்க தம்பி" என்பார்கள்.

கும்பினியும் நன்றி மறக்கவில்லை. ராஜா பழைய பாத்தியதையைச் சொல்லி விண்ணப்பிக்க, 1803இல் கீழாநிலைக் கோட்டையும் சீமையும் கிடைத்தன. கிஸ்தி, வருஷத்துக்கு ஒரு யானை. அதையும் கும்பினி வற்புறுத்திக் கேட்கவில்லை. பிற்பாடு தள்ளுபடியே செய்துவிட்டது. கிஸ்தித் தகராறில் ஆரம்பித்துத் தூக்கில் முடிந்தவரைப் பிடித்துக் கொடுத்தவருக்குக் கிஸ்தி தள்ளுபடி!

சரி, ஹைடு யார்? எட்டயபுரம் எட்டப்பன். அவரும் கும்பினிக் கட்சிதான், துரத்தியவர்தான். ஆனால் திருக்களம்பூரில் பிடித்தது அவரில்லை. 1959இல் கட்டபொம்மன் படத்தில் சிவாஜி மீசையை முறுக்க, வி.கே. ராமசாமி எட்டப்பனாக வர, தமிழ்நாடு முழுக்கத் தீர்ப்பாகிவிட்டது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட்டைப் பிடித்தவன்கூட இன்று எட்டப்பன். தொண்டைமான் என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஹைடாவது ஜெக்கிலின் உடம்பிலேயே குடியிருந்தான். எங்கள் ஹைடு வேறு சீமை, வேறு வம்சம். ஒரே ஒரு வேளை மருந்துச் செலவுகூட எங்களுக்கு இல்லை.

ஆகவே, இனி யாரையாவது எட்டப்பன் என்று வையத் தோன்றினால் பாதியோடு நிறுத்துங்கள். மீதியைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவையுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.