லசான்யா வாழ்க

ஜேடர்பாளையத்தில் பிறந்தநாள் விருந்துக்கு லசான்யா செய்வதைக் கேலி பேசுகிறவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாது. கரும்பும் வாழையும் வெற்றிலையும் வெல்லமும் வாசலிலேயே கிடைக்கும் ஊரில் அவற்றைப் பந்தியில் வைப்பது விருந்தாளியை அவமதிப்பதாகும். ஊரில் விளையாததை வைத்தால்தான் மரியாதை. அந்த வகையில் லசான்யாவை அடிக்க ஆளில்லை. மாவுத் தகடு, வெள்ளைச் சாஸ், சீஸ், மறுபடியும் தகடு. ஓவனில் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வெந்து, ஓரமெல்லாம் குமிழிவிட்டு, மேல்பரப்பு பொன்னிறமானால் போட்டோவுக்குத் தயார். சாப்பிடவும் செய்யலாம்.

நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பார்கள். போகட்டுமே, பாதி வெந்ததை இத்தாலியப் பக்குவம் என்று சொல்லிவிடலாம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தநாளுக்கு வெட்டுவது முட்டையில்லாத கேக்கா என்றும் கேட்பார்கள். முட்டை ஏற்றுமதிக்கு, கேக் நமக்கு. உள்ளூர் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைசி ஆட்சேபம். அதுதான் வடிகட்டிய பொய். ஆளுக்கொரு துண்டு லசான்யாவை ஆஹா ஓஹோவென்று மெச்சி முடித்த விருந்தாளிகள் நேரே போய் நிற்பது காவிரித் தடுப்பணைப் பக்கம் மீன் வறுக்கும் கடைகளில்தான். மீன் வியாபாரத்துக்கு இப்படி உழைக்கும் பண்டம் வேறில்லை. ஆகவே அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். கடை சாத்துவதற்குள் மட்டும் கிளம்பிவிடுங்கள்.