பாடநூல் ஓரத்து அழுக்கு: ஒரு புள்ளியியல் ஆய்வு

காசு கொடுத்து வாங்கிய புள்ளியியல் புத்தகமும், இணையத்தில் சும்மா இறக்கிக்கொண்ட புள்ளியியல் புத்தகமும் படிக்கப்படாமல் கிடப்பதில் வேறுபடுவதில்லை என்பதே இவ்வாய்வின் இன்மைக் கருதுகோள். இதை நிராகரித்தே தீருவது என்றுதான் ஆய்வாளர் புறப்பட்டார். எல்லா ஆய்வாளர்களும் அப்படித்தான் புறப்படுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

இலவசத் தரப்பு பலமானது. ஹேஸ்டி, திப்ஷிரானி, ஃப்ரீட்மன் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்' எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும். 2009-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பை ஆசிரியர்களே பி.டி.எஃப்-ஆகப் போட்டுவைத்திருக்கிறார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013 முதல் அறிமுகப் பாடநூலை இலவசமாகத் தருகிறது. ராண்ட் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட, பத்து லட்சம் சமவாய்ப்பு இலக்கங்கள் அடங்கிய நூலையும் காசில்லாமல் இறக்கலாம். அச்சுப் பிரதியும் விற்கிறார்கள். ஓர் ஒழுங்கும் இல்லாத எண்களை விலைக்கு வாங்குவோர் முழுமைத் தொகுதியின் எந்தக் கோடியில் இருக்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி சான்றுக்கு வருவோம். கல்லூரி நூலகத்தில் குப்தா-கபூர் எழுதிய புள்ளியியல் பாடநூலின் பழைய பிரதி ஒன்றை மூடி, அதன் பக்க ஓரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பார்க்கவும். முதல் அரை அங்குலம் பழுப்பு: சராசரி, இடைநிலை, முகடு வரை எல்லோரும் வந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நெடுந்தூரம் வெள்ளை. கடைசியில் அட்டவணைகள் இருக்கும் சில தாள்களில் மட்டும் மறுபடி கட்டைவிரல் எண்ணெய். இரு முனையும் உயர்ந்து நடுவில் படுத்துவிட்ட இந்த வரைபடத்தை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பட வரைந்திருக்கிறார்கள். பி.டி.எஃப்-இல் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே பளபளப்பு. கோப்பின் பெயருக்குப் பின்னால் (1), (2), (3) என்று சேர்ந்திருப்பது மட்டுமே தடயம். படித்துவிடுவது என்று எத்தனை முறை முடிவெடுத்தோம் என்பதை அது காட்டும்.

அழுக்கைச் சான்றாக ஏற்கத் தயங்குவோருக்கு ஒரு முன்னுதாரணம். மடக்கை அட்டவணைப் புத்தகங்களில் முதல் பக்கங்கள் கடைசிப் பக்கங்களைவிடச் சீக்கிரம் தேய்ந்துபோவதை அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் கவனித்து, 1881-இல் எழுதினார். இயற்கையாகக் கிடைக்கும் எண்களில் 1-இல் தொடங்குபவை ஏறக்குறைய 30 விழுக்காடு, 9-இல் தொடங்குபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அதிலிருந்து வந்தது. 1938-இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு அதையே குவியல் குவியலான தரவுகளில் சோதித்துக் காட்டினார்; விதிக்குப் பெயரும் அவருடையதாகிவிட்டது. இன்று தணிக்கையாளர்கள் பொய்க்கணக்கை மோப்பம் பிடிக்க அதைக் கையாள்கிறார்கள். நியூகோமிடம் பி.டி.எஃப் இருந்திருந்தால், எண்ணைத் தட்டித் தேடி எடுத்துக்கொண்டு பேசாமல் நட்சத்திரம் பார்க்கப் போயிருப்பார்.

ஆக, படிக்காமல் விடுவதைப் பொறுத்தவரை இன்மைக் கருதுகோளை அசைக்க முடியவில்லை. எங்கே விட்டோம் என்று காட்டிக்கொடுப்பதில் மட்டும் அச்சுப் பிரதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாங்குவதென்றால் பழைய பிரதியாகப் பார்த்து வாங்கவும். தரவு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பழைய புத்தகக் கடையில் ஓரம் கறுத்திருந்தால் விலையைக் குறைப்பார்கள். ஆய்வு முறைப்படி கூட்ட வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.